அவுஸ்திரேலிய மேய்ச்சற் பண்ணையும் இலக்கியமும்

அவுஸ்திரேலியாவில் ஆடுமாடு வளர்க்கும் பெரும்பண்ணையை அந்நாட்டார் 'ஸ்ரேசன்' என்னுஞ் சொல்லாற் குறிப்பர். நமக்கு அச்சொல் புகைவண்டி நிற்குமிடத்தையும் பொலிசார் இருக்குமிடத்தையுமே நினைவூட்டும். ஒரு கடமையின்பொருட்டுச் சிலர் நிறுத்தப்பட்டிருக்கும் இடம் என்பது அதன் பழம்பொருள். அப்பொருள் இப்பண்ணைகளுக்கும் நன்கு பொருந்துகின்றது. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிறீக் என்னும் மாட்டுப்பண்ணை 15,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. நமது யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பதினைந்தை அதனுள் அடக்கலாம். அத்துணைப் பெரிய வெளியில் ஒரு பண்ணைவீடு, சில கொட்டில்கள், மாட்டுப்பட்டி, நீர்நிலை, விரல்விட்டெண்ணத்தக்க மாந்தர் என்ற அளவே பழைய பண்ணை வாழ்வின் தோற்றம். இத்தனிமையிலிருந்து ஓர் இலக்கியம் தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவுஸ்திரேலிய இலக்கியத்தின் முதுகெலும்பு அதுவே என்று சொல்வாரும் உளர். அவ்விலக்கியத்துட் சிலவற்றை எடுத்து, எழுதியவர் எந்த இடத்தில் நின்று எழுதினார், அவ்விடத்திலிருந்து அவருக்கு எவை தெரிந்தன, எவை தெரியவில்லை என்று நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

பண்ணைகள் தோன்றிய வரலாறு சுருங்கக் கூறத்தக்கது. 1788இல் சிட்னியிற் குற்றவாளிகளின் குடியேற்றம் அமைந்தது. 1797இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ இன ஆடுகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் கம்பளி இங்கிலாந்தின் ஆலைகளில் விலைபோகத் தொடங்கியதும், அரசு வகுத்த எல்லைகளைக் கடந்து மந்தையோடு உள்நாட்டிற் புகுந்தவர் பலர். உரிமையின்றிக் குந்தியிருப்போன் என்னும் பொருள்பட 'ஸ்குவாற்றர்' என்று அவர்களைப் பிறர் இகழ்ந்தனர். 1836இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண் கட்டினால் அங்ஙனம் குந்தியிருக்கலாம் என்று அரசு அனுமதி வழங்கியது. இகழ்ச்சிப் பெயர் சில பத்தாண்டுகளிற் பெருமைப் பெயராயிற்று. அந்நிலம் ஆளில்லாத நிலமென்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஆங்கே ஆதிக்குடிகள் பன்னெடுங்காலம் வாழ்ந்திருந்தனர். 1838ஆம் ஆண்டு யூன் 10ஆந் தேதி, மயால் கிறீக் என்னும் பண்ணையில், பண்ணையாருடன் நட்பாய்த் தங்கியிருந்த ஆதிக்குடி மக்கள் இருபத்தெண்மருக்குக் குறையாதோர், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, பண்ணையாட்கள் சிலராற் கொல்லப்பட்டனர். அக்கொலைக்காக எழுவர் அவ்வாண்டு டிசம்பரிலே தூக்கிலிடப்பட்டனர். இவ்வாறு தண்டனை வழங்கப்பட்டமை அக்காலத்தில் மிக அரிது. வேறெங்கணும் நிகழ்ந்த கொலைகள் பெரும்பாலும் ஏடேறாமலே போயின. இந்த அடித்தளத்தின்மேலேதான் நாம் காணப்போகும் இலக்கியமும் நிற்கின்றது.

1880இல் சிட்னியில் தொடங்கிய 'புல்லற்றின்' என்னும் வார இதழ் இவ்விலக்கியத்தின் தொட்டில். அதில் எழுதிய இருவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஒருவர் பற்றர்சன் (1864–1941). மற்றவர் ஹென்றி லோசன் (1867–1922). பற்றர்சன் நகரத்து வழக்கறிஞர். குதிரைமேலிருந்து பண்ணையைப் பார்த்தவர். மந்தையோட்டியின் வாழ்வு அவருக்கு விரிந்த வானமும் விடுதலையுமாகவே தோன்றிற்று. லோசன் வறிய குடும்பத்திற் பிறந்து, கைத்தொழில் செய்து, காதும் கேளாதுபோனவர். உட்புலம் வெயிலும் ஈயும் பசியும் நிறைந்ததென்று அவர் எழுதினார். 1892இல் இருவருக்கும் புல்லற்றினில் ஒரு கவிப்போர் நடந்தது. அதனைப் பலரும் இலக்கியக் கொள்கைப் போராகப் பேசுவர். பொருளுக்காக இருவரும் கலந்து பேசி நடத்திய போர் அது என்று பற்றர்சனே பிற்காலத்திற் கூறியிருக்கின்றார். ஆதலால் அதற்கு மிகுந்த மதிப்புத் தருதல் வேண்டா. அக்காலத்தில் உண்மையான போர் வேறிடத்தில் நடந்தது. 1891இலும் 1894இலும் கம்பளி மயிர் கத்தரிக்குந் தொழிலாளர் பண்ணையுடைமையாளர்க்கு எதிராகப் பெரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1894இல் குவின்ஸ்லாந்திலுள்ள டாக்வேர்த் பண்ணையின் கத்தரிக்கொட்டில் எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதே பண்ணையில் விருந்தினராயிருந்தபோதே பற்றர்சன், ஆட்டைத் திருடி நீரிற் குதித்திறந்த வழிப்போக்கனைப் பற்றிய தம் புகழ்பெற்ற பாட்டை இயற்றினார். பாடுவோர் பலருக்கும் இச்செய்தி தெரியாது.

1892 யூலை மாதம் வெளிவந்த லோசனின் 'மந்தையோட்டியின் மனைவி' என்னுஞ் சிறுகதை அக்கவிப்போரினும் ஆயிரம் மடங்கு சிறந்தது. அதன் கதை மிகச் சிறிது. இரண்டறைக் குடில், சுற்றிலும் புதர்க்காடு, மக்கட் குடியிருப்பின் அறிகுறியென்று சொல்லக்கூடியது பத்தொன்பது மைலுக்கப்பால் ஒரு சாராயக்கொட்டில். கணவன் முன்னர்த் தானே மந்தை வைத்திருந்தவன். வரட்சியாற் கெட்டு, இப்போது பிறர் ஆட்டுமந்தையை ஓட்டிச்சென்று பல மாதமாகின்றது. பாம்பொன்று வீட்டின் கீழ் நுழைகின்றது. மனைவி நான்கு குழந்தைகளையும் மேசைமேல் உறங்கவைத்து, தடியொன்றைப் பக்கத்தில் வைத்து, நாயுடன் இரவு முழுதும் விழித்திருக்கின்றாள். விடியற்காலையிற் பாம்பு கொல்லப்படுகின்றது. அவ்விரவில் அவள் நினைவுக்கு வருபவையே கதை: காட்டுத்தீ, வெள்ளம், குழந்தையொன்று இறந்தபோது அப்பிணத்தோடு உதவிதேடிப் பத்தொன்பது மைல் குதிரையிற் சென்றமை. ஞாயிறுதோறும் அவள் குழந்தைகளுக்கும் தனக்கும் நல்லாடை அணிவித்து, பழைய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, காண்பாரொருவருமில்லாத புதர்ப்பாதையில் உலாவிவருவாள். இக்காட்சியை லோசன் எவ்வித இரக்கமொழியுமின்றி எழுதிச் செல்கின்றார். இதனை வாசித்த பிறகு தனிமை என்னுஞ் சொல்லை நாம் எளிதிற் பயன்படுத்த மாட்டோம்.

அகத்திணை பயின்றோர்க்கு இக்கதையின் அமைப்பு அறிமுகமானதே. காடும், மந்தையும், வினைமேற்சென்ற தலைவனும், ஆற்றியிருக்குந் தலைவியும் முல்லைக்கு உரியவை. ஆயினும் முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்றொரு வரையறை உண்டு. மழை வரும், தலைவன் தேரும் வரும். லோசனின் தலைவிக்கு அவ்வரையறை இல்லை. மழை பொய்த்தமையாலேயே அவள் கணவன் கூலிக்கு மந்தையோட்டுகின்றான். முல்லை தன்னியல்பு கெட்டுப் பாலையாகும் என்ற நம்மவர் கருத்துக்கு இதனினும் நல்ல உரை கிடைத்தலரிது. ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் தகாது. முல்லையின் ஆயர் அந்நிலத்தின் கருப்பொருளோடு பிறந்தவர், இவளோ அந்நிலத்துக்குப் புதியவள்.

இக்கதையிலும் ஒரு மூலை இருண்டிருக்கின்றது. அவள் துணையின்றிப் பிள்ளை பெறும் வேளையில் வந்து காத்தவள் ஆதிக்குடிக் கிழவி ஒருத்தி. ஆதிக்குடி ஆடவனொருவன் விறகடுக்கித் தருகின்றான். அவனைப் பாராட்டிக் கூடுதலாகப் புகையிலையுங் கொடுக்கின்றாள். அவன் அடுக்கிய விறகு உள்ளே பொள்ளலாக இருந்தது அன்றிரவில் அது சரியும்போதே தெரிகின்றது. அவளுக்குக் கண்ணீர் வருகின்றது. துடைக்க எடுத்த கைக்குட்டையோ முழுதுங் கிழிசல். விரல் கண்ணிற் குத்த அவளுக்கே சிரிப்பு வந்துவிடுகின்றது. மிகச் சிறந்த பகுதி இது. ஆனால் அவ்விறகடுக்கியவன் யார், எவ்விடத்தான், எதற்காக அரைப்புகையிலைத் துண்டுக்கு விறகடுக்கும் நிலைக்கு வந்தான் என்று கதை கேட்கவில்லை. அவன் தன் குலத்திற் கடைசியானவன் என்று மட்டும் போகிறபோக்கில் ஒரு சொல் வருகின்றது. குடிலின் வாசலிலிருந்து பார்த்தால் அவ்வளவே தெரியும். கதைத்தலைவிக்கே லோசன் பெயர் வைக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்தல் வேண்டும். அச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

குடிலிலிருந்து பண்ணைவீட்டு விறாந்தைக்கு வருவோம். ஜீனி கன் அம்மையார் (1870–1961) மெல்பேணில் ஆசிரியராயிருந்தவர். 1902இல் தம் கணவர் ஏனியஸ் கன்னுடன் வட புலத்திலே றோப்பர் ஆற்றின் தலைநீர்ப்பகுதியிலுள்ள எல்சிப் பண்ணைக்குச் சென்றார். 1903 மார்ச்சிற் கணவர் நோயால் இறந்தார். அம்மையார் நகர் மீண்டு, 1908இல் அவ்வோராண்டு வாழ்வை நூலாக எழுதினார். 'ஒருபோதுமில்லா நாட்டினர் நாம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பல தலைமுறை மாணவர் அதனைப் பாடசாலையிற் படித்தனர். 1982இல் அது திரைப்படமும் ஆயிற்று.

நூலின் கவர்ச்சியை மறுத்தல் நேர்மையாகாது. பெண்ணொருத்தி பண்ணைக்கு வருவதைத் தடுக்கத் தந்திமேல் தந்தி அடிக்கும் ஆடவர், பின்னர் அவளுக்காகக் கதவும் மேசையுஞ் செய்து தருகின்றனர். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொருமுறை நீரற்ற வெளியைக் கடந்து கடிதப்பையோடு வரும் தபாற்காரர், அக்கடிதங்களை ஒவ்வொன்றாக மெல்ல மெல்லப் பிரித்து இன்பத்தை நீட்டித்துக்கொள்ளும் பண்ணையார், கிறித்துமசு விருந்துக்காகப் பல நாள் படைதிரட்டுவதுபோல் ஆயத்தஞ்செய்யும் சீனச் சமையற்காரர் ஆகியோரை ஒருமுறை வாசித்தவர் மறக்கமாட்டார். 1929இல் மிதித்து மின்னூட்டும் வானொலிக் கருவி உட்புலத்துக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் பறக்கும் வைத்தியர் சேவை குளோங்கறியில் தொடங்கிற்று. ஒரு கால் நூற்றாண்டு முந்தி அவை இருந்திருப்பின் ஏனியஸ் கன் பிழைத்திருக்கவுங் கூடும். தொலைவு என்பது மனிதரை எங்ஙனம் ஒருவருக்கொருவர் இன்றியமையாதவராக்கியது என்பதற்கு இந்நூலைப் போன்ற சான்று பிறிதில்லை.

இந்நூலில் பெயர்கள் வழங்கும் முறையைக் கவனித்தல் தகும். வெள்ளையர் எல்லாரும் குணத்தாற் பெயர் பெறுகின்றனர். அமைதியான மந்தைக்காரர், நம்பிக்கை மிகுந்த ஸ்கொத்துலாந்தினர் என்றவாறு. ஆதிக்குடிகளோ உடற்குறியாலும் கேலியாலும் பெயர் பெறுகின்றனர். கணவருக்கு வழங்கிய 'மலுக்கா' என்னும் பெயர் மட்டும் அம்மண்ணின் மொழிக்குரியது. தலைவன் என்னும் பொருளில் அதை அவருக்கு இட்டவர் ஆதிக்குடிகளே. ஆண்டவரைத் தம் மொழியில் அழைக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. தம்மைத் தம் பெயரால் அழைப்பிக்கும் உரிமை இருக்கவில்லை.

நூலின் நடுவே ஒரு பயணம் வருகின்றது. மாடுகளை ஈட்டியாற் குத்திய ஆதிக்குடிகளை அச்சுறுத்தி விரட்டுவதற்காகப் பண்ணையார் குதிரையேறிச் செல்கின்றனர். அம்மையாரும் உடன் செல்கின்றார். வேட்டை என்னுஞ் சொல்லால் அதைக் குறித்து, விளையாட்டாகவே எழுதுகின்றார். ஆயினும் அவ்விடத்திலேயே அவருடைய பேனா ஒருகணம் நிற்கின்றது. கருநிறத்தவரின் நாட்டை வெள்ளையர் எடுத்துக்கொண்டனர். உணவுக்காகவும் உவகைக்காகவும் விரும்பியவிடஞ் செல்லும் உரிமையையும் எடுத்துக்கொண்டனர். அதற்கு ஈடாக மாட்டில் ஒரு பங்கையோ தக்க விலையையோ கொடுக்கும் வரை மாடு கொல்லுதலைக் குற்றமென்று சொல்ல இடமில்லை என்னுங் கருத்துப்பட எழுதிவிடுகின்றார். 1908இல், பண்ணையுடைமையில் பங்குகொண்ட குடும்பத்துப் பெண்மணியொருவர் இதனை எழுதியது வியத்தற்குரியது. அடுத்த பக்கத்திற் கதை பழையபடி மகிழ்ச்சியாகப் போகின்றது!

அம்மையாரைக் குறைகூறும் இக்காலத்தார் சிலர் வேட்டையை மட்டும் காட்டுவர்; போற்றுவோர் விருந்தை மட்டும் காட்டுவர். இவ்விரண்டுக்கும் நடுவே அவர் எழுதிய அந்தப் பத்தியே நூலின் உயிர்நிலை என்பது என் துணிபு. அநீதியை அறியாமல் அவர் எழுதவில்லை. அறிந்தும், அதை வாழ்வின் ஒழுங்குக்குள் அடக்கிக்கொள்ள ஒரு நல்லுள்ளத்தால் எங்ஙனம் இயன்றது என்பதை இந்நூல் தன்னையறியாமற் காட்டுகின்றது. 1978இல் பிரான்செஸ்கா மேர்லன் என்னும் ஆய்வாளர் எல்சிப் பகுதி ஆதிக்குடி முதியோரின் நினைவுகளை வெளியிட்டார். அந்நினைவுகளில் துப்பாக்கிகளும் கொலைகளும் உள்ளன. விறாந்தையிலிருந்து கேட்கப்படாத ஒலிகள் அவை. 2000ஆம் ஆண்டில் எல்சி நிலம் அதன் பழைய குடிகளான மங்கறாயி மக்களுக்கு மீள உரித்தாக்கப்பட்டது.

ஆதிக்குடிப் பெண்ணொருத்தியைத் தலைப்பிலும் நடுவிலும் வைத்து எழுந்த பண்ணை நாவல் கதரின் சூசன்னா பிறிச்சாட் (1883–1969) எழுதிய 'கூனாடூ'. அவர் பொதுவுடைமைக் கட்சியைத் தொடக்கியோருள் ஒருவர். 1926இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள ரூறி கிறீக் பண்ணையில் தங்கி, கண்டுங் கேட்டும் எழுதினார். 1928இல் புல்லற்றின் நடத்திய நாவற்போட்டியிற் பரிசைப் பகிர்ந்துபெற்று, 1929இல் நூலாயிற்று. கண்டனமும் உடன் வந்தது. வெள்ளையருக்கும் ஆதிக்குடிப் பெண்களுக்கும் பண்ணைகளில் இருந்த உறவை அந்நாட்டார் அனைவரும் அறிந்திருந்தனர். அச்சிற் காண்பதையே அவர்கள் வெறுத்தனர்.

பண்ணைத் தலைவி தன் மகன் ஹியூவோடு கூனாடூவை வளர்க்கின்றாள். இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஹியூ தன் மேன்மைக்கு இழுக்கென்று அவ்விருப்பத்தை அடக்குகின்றான். அடக்க இயலாத ஒருநாளில் மகனொருவன் பிறக்கின்றான். மனைவி அதை அறிந்து பிரிகின்றாள். அண்டைப் பண்ணையின் கேரி என்பவன் ஆதிக்குடிப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்பவன்; அவன் கூனாடூவை வன்மையாற் கைக்கொண்டபோது ஹியூ தன் சினத்தை அவள்மேலேயே செலுத்தி அவளைத் துரத்துகின்றான். பண்ணை பாழாகின்றது. நோயுற்று மீண்ட கூனாடூ ஆளில்லாத அவ்விடத்தில் இறக்கின்றாள். கெட்டவனென்று ஊர் சொல்லும் கேரியினும் நல்லவனென்று ஊர் சொல்லும் ஹியூவே மிகுந்த அழிவுக்குக் காரணமாகின்றான் என்ற இடத்தில் ஆசிரியரின் ஆற்றல் முழுவதும் வெளிப்படுகின்றது. ஒழுக்கம் எனப்பட்டது செருக்கே என்று இத்துணைத் தெளிவாக அக்காலத்தில் எவரும் காட்டவில்லை.

இருந்தும் இந்நாவலிடம் எனக்கு நிறைவின்மை ஒன்று உண்டு. கூனாடூ மிகுதியும் வாய்திறவாதவள். கிணறும் நிழலும் நிலமுமே அவள் என்று ஆசிரியர் மீண்டும் மீண்டும் உவமிக்கின்றார். உவமை அழகியது, ஆனால் நிலம் மறுத்துப் பேசாது. அவள் துன்பத்தை நாம் காண்கின்றோம்; அவள் என்ன கருதினாள் என்பதை அறியோம். அவள் குலம் மறைந்துபோகும் குலம் என்னும் எண்ணமும் நாவலின் துயரத்துக்கு அடியிற் கிடக்கின்றது. அவ்வெண்ணம் பொய்யென்பதை வரலாறு விரைவிற் காட்டிற்று. நாவல் வெளிவந்து பதினேழாம் ஆண்டில், அதே வடமேற்கில், பில்பரா என்னும் பகுதியில், ஏறக்குறைய எண்ணூறு ஆதிக்குடித் தொழிலாளர் பண்ணைகளை விட்டு ஒருங்கே வெளியேறினர். 1946ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி அது. எழுத்தறியாதோர் பலராகையால், நாட்களைக் குறித்த தாள்கள் பண்ணைதோறும் கொண்டு செல்லப்பட்டன. நாளொன்றுக்கு ஒன்றாக அடித்துவரக் குறித்த நாள் வந்தது. அவ்வேலைநிறுத்தம் 1949 வரை நீடித்தது. பிறிச்சாட் அப்பண்ணையிற் கண்ட மக்களின் இனத்தவருக்கு இத்திறம் இருந்தது. மார்க்சிய அறிவு பெற்ற ஆசிரியர் தொழிலாளர் புரட்சியை எங்கெங்கோ தேடியவர். தாம் தங்கிய பண்ணையின் அடுப்படியிலும் பட்டியிலும் அதைத் தேடவில்லை. இரக்கம் மிகுமிடத்தில் மதிப்புக் குறைந்துவிடுதல் உண்டு போலும்.

1966ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆந் தேதி வட புலத்து வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிண்ஜி மக்கள் ஏறத்தாழ இருநூறு பேர், வின்சன்ற் லிங்கியாரி என்னும் மந்தைக்காரரின் தலைமையில் வெளியேறினர். பண்ணை வெஸ்ரி என்னும் ஆங்கிலக் குடும்பத்தாருடையது. 1940களிலேயே மானிடவியலாளர் பேண்ட் தம்பதியர் அக்குடும்பத்தாரின் பண்ணைகளில் ஆதிக்குடிகள் உண்ட மா, சீனி, தேயிலையையும் வாழ்ந்த குடிசைகளையும் ஆராய்ந்து அறிக்கை எழுதியிருந்தனர். அது நூலாக வெளிவந்ததோ 1987இலே. 1966 மார்ச்சிற் சமகூலி வேண்டுமென்று நடுவர்மன்றம் தீர்த்தும், அதன் நடைமுறையை 1968 டிசம்பர் வரை ஒத்திவைத்தது. கூலிக்காக எழுந்ததென்று பிறர் கருதிய அவ்வெழுச்சி நிலத்துக்காக எழுந்தது என்பதைக் குரிண்ஜிகள் அடுத்த ஆண்டில் தேசாதிபதிக்கு விடுத்த மனுவாற் காட்டினர். 1975 ஆகஸ்ட் 16இல் பிரதமர் விற்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையிற் சொரிந்து நிலத்தை அளித்தார்.

பிராங் ஹாடி 1968இல் எழுதிய 'நற்பேறற்ற அவுஸ்திரேலியர்' இவ்வெழுச்சியின் நூல். இலக்கிய நயம் நோக்கின் அது லோசனுக்கும் பிறிச்சாட்டுக்கும் அருகே நிற்காது. ஆசிரியர் தம்மைப் பற்றிப் பேசும் பக்கங்கள் அளவுக்கு மிஞ்சியவை. ஆனால் குரிண்ஜி மாந்தர் தாமே சொன்ன வரலாறுகளை அவர் அவர்கள் வாய்மொழியிலேயே பதித்துள்ளார். பண்ணை இலக்கியத்தில் அடுப்படியும் பட்டியும் தாமே பேசிய இடமாதலின் அந்நூலுக்கு நான் தனியிடங் கொடுப்பேன். பின்வந்தோர் அவ்வழியிற் சென்றனர். 1987இல் வெளிவந்த சலி மோகனின் 'என் இடம்' என்னும் நூலில் கொறன்னா டவுன்ஸ் பண்ணையிற் பிறந்த தம் பாட்டியையும் பாட்டியின் தமையனையும் பேசவைத்துள்ளார். நெடுங்காலம் வாய்மூடியிருந்து, சிலவற்றைச் சொல்லி, சிலவற்றைச் சொல்லாமலே இறக்கும் அப்பாட்டியின் மௌனம் கூனாடூவின் மௌனத்தினும் வேறானது. இது அவரே தேர்ந்த மௌனம்.

இக்குரல்கள் எல்லாம் குற்றச்சாட்டென்று கருதுதல் தவறு. ஆன் மக்கிறாத் என்னும் வரலாற்றாசிரியர் அதே 1987இல் வெளியிட்ட ஆய்வில், பண்ணைகளில் மாடு சாய்த்த ஆதிக்குடி ஆடவரும் பெண்டிரும் தம் குதிரைத்திறத்தையும் தொழிலையும் பெருமையாக நினைவுகூர்வதைக் காணலாம். பண்ணையில் இருந்ததனால் தம் நிலத்தைப் பிரியாமலும் சடங்குகளைக் கைவிடாமலும் வாழ முடிந்தது என்றோர் பலர். சமகூலி வந்தபின், அதைக் கொடுக்க விரும்பாத உடைமையாளரும், மாட்டைத் திரட்ட வந்த உலங்குவானூர்திகளும் சேர்ந்து அக்குடும்பங்களைப் பண்ணைகளிலிருந்து அகற்றின. வென்றவர் இழந்ததும் உண்டு. இச்சிக்கலை முழுதும் தாங்கிய ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

லோசனின் பெயரற்ற தலைவிக்கு மீள்வோம். 2016இல் ஆதிக்குடி மரபினரான லியா பேசல் என்னும் நடிகை அக்கதையைச் சிட்னியில் நாடகமாக்கினார். பின் நாவலாகவும் திரைப்படமாகவும் செய்தார். அதில் மந்தையோட்டியின் மனைவிக்கு மொலி யோன்சன் என்று பெயர் உண்டு. விறகடுக்கியவனின் இடத்திலே தன் கதையைத் தானே சொல்லும் யடக்கா என்னும் ஆதிக்குடி மனிதன் வருகின்றான். பாம்பு பின்னுக்குப் போய்விடுகின்றது. அஞ்சவேண்டியவர் குதிரையேறி வரும் ஆடவரே. மொலியின் தாய் யார் என்னும் செய்தி வெளிப்படும்போது, லோசன் போகிறபோக்கிற் சொன்ன அந்த ஆதிக்குடிக் கிழவி பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்ற காட்சியை நாம் மீண்டும் நினைக்கின்றோம். பேசலின் நாடகம் சிலவிடங்களில் உரத்துப் பேசுகின்றது. லோசனின் அடக்கம் அதற்கில்லை. இருந்தும் பழைய கதையை அடுத்த முறை வாசிப்பவர் விறகுக்குவை சரியும் இடத்தில் முன்போல் விரைந்து கடந்துசெல்ல மாட்டார்.